கழன்று போன ஆறு கீல்கள்

அத்தியாயம் ஆறு

செஞ்சி போலீஸ் ஸ்டேஷன் அலமாரிக்குள் ஓர் ஆகாய விமானம் மூன்று மாதமாகக் காவலில் இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் செல்லப்பன் அதை அட்டைப் பெட்டியோடு தூக்கி வந்து மேஜைமேல் வைத்தபோது உள்ளேயிருந்து இரண்டு கரப்பான் பூச்சிகள் ஜாமீன் கேட்காமலே வெளியேறின.

"இதுவா கொலை பண்ணுச்சு? ரெண்டு முழம்தான் இருக்குது" என்றேன்.

"ரெண்டு ராத்தல் கனம் இருக்குது. மூக்குல இருக்குதே, அந்த இஞ்சின் பொட்டுல அடிச்சா நீயும் செத்துடுவ" என்றார் செல்லப்பன்.

"வாயில அடிச்சாத்தான் இவன் சாவான்" என்றார் அரிகிருஷ்ணன்.

என் பெயர் பாவாடை. திண்டிவனத்தில், சைக்கிள் கடை மாடியில், 'துப்பறியும் அரிகிருஷ்ணன்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. அதற்குக் கீழே பத்து வருஷமாக நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். நான் அதிகம் பேசுகிறேன் என்பது அவர் புகார். அவர் பேசுவதே இல்லை என்பது என் புகார்.

எங்களை இந்த ஊருக்கு வரவழைத்தது ஓர் இன்லண்ட் கடிதம். எழுதியவள் மனோரமா, வயது இருபத்து நாலு. செஞ்சி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணமூர்த்தியின் மருமகள். அவள் கணவன் வெங்கடரமணனுக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஒரே பைத்தியம். கனமில்லாத பால்சா கட்டையில் குட்டி விமானம் செய்து பறக்கவிடுவது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டைக்குள்ளே கல்யாண மகாலை ஒட்டிய புல்வெளியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவன் விமானம் அவன்மீதே விழுந்தது. லாரியில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் பிடித்தது சிங்கவரம் முருகையன் ஆசாரியை. திங்கட்கிழமை கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை ஆரம்பம். இன்று வெள்ளி. நிரூபணம் ஆனால் கயிறு.

'ஆசாரி விமானத்தில் ஏதோ செய்துவிட்டார் என்கிறார்கள். என்னால் நம்ப முடியவில்லை. யார் செய்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்' என்று எழுதியிருந்தாள் மனோரமா.

"உங்க கட்சி இன்னா, சொல்லுங்க" என்றார் அரிகிருஷ்ணன்.

செல்லப்பன் விமானத்தின் வாலைக் காட்டினார். ஆள் நடுவில் நின்று இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, இந்த வகை விமானம் அவனைச் சுற்றி வட்டமடிக்கும். கம்பியை இழுத்தால் வாலில் இருக்கும் மடக்குப் பட்டை தூக்கும், விமானம் ஏறும். விட்டால் இறங்கும். அந்தப் பட்டையை வாலோடு சேர்த்துப் பிடிப்பவை கீல்கள். இரும்புக் கீல் கனம் என்பதால் வெங்கடரமணன் துணிக் கீல் போட்டிருந்தான். கடையிலிருந்து எடுத்த மல் துணியை விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒன்றை மேலிருந்து கீழாக, அடுத்ததைக் கீழிருந்து மேலாக, மாற்றி மாற்றிப் பசை போட்டு ஒட்டினால் பட்டை கதவு மாதிரி ஆடும். மொத்தம் ஆறு கீல்கள்.

"விடிகாலையிலேயே கொண்டாந்து ஒரு மணி நேரம் புல்லுல வெச்சிருந்தான். பறக்கும்போது ஆறும் ஒண்ணா கழண்டுடுச்சு" என்றார் செல்லப்பன். "பட்டை போச்சு. விமானம் நேரா அவன் தலைக்கு மேல ஏறுச்சு, கம்பி தொளதொளன்னு ஆயிடுச்சு, அப்படியே வந்து வுழுந்துடுச்சு. பசை குடுத்தது முருகையன். யுத்தத்துக்கு அப்புறம் மெட்ராஸ்ல டியூப் பசை கிடைக்கலையாம். வியாழக்கிழமை ஒரு டப்பா வஜ்ஜிரம் காய்ச்சிக் குடுத்திருக்கான்."

வஜ்ஜிரம் என்றால் ஆசாரிகளின் பசை. தோலையும் குளம்பையும் காய்ச்சி எடுப்பது. காய்ந்தால் கட்டை உடையுமே தவிர ஒட்டு விடாது.

"வெள்ளிக்கிழமை பெருமாள் கோயில் தேர் வேலை வெளியூர் ஆளுங்களுக்குப் போயிடுச்சு" என்று தொடர்ந்தார் செல்லப்பன். "கமிட்டில வெங்கடரமணனும் ஒருத்தன். வேலை கைவிட்டுப் போகப் போகுதுன்னு முருகையனுக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கு முருகையன் ஜவுளிக்கடை முன்னால வந்து கத்தினான். 'என் கைய நம்பாதவன் என் பசைய மட்டும் எதுக்குடா நம்பற? அது உன் தலைமேலயே வுழட்டும்.' பதினாலு பேர் கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை தலைமேலயே வுழுந்துது. இருபது வருச ஆசாரி குடுத்த பசை ஆறு இடத்துலயும் வுடும்னா, அது தெரிஞ்சு குடுத்த பசைதான். பாக்கி பசையோட டப்பாவையே காணோம். திருப்பி வாங்கி ஒழிச்சுட்டான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே முருகையனைத் தூக்கில் போடலாம் போலிருந்தது.

அரிகிருஷ்ணன் பெட்டிக்குள் குனிந்தார். இறக்கை ஒட்டுகளைத் தடவினார். பழைய டியூப் பசையில் ஒட்டிய அந்த இடமெல்லாம் அப்படியே இருந்தது. துணிக் கீல்களில் ஐந்து வெறும் சல்லடையாக இருந்தன. பசை துளியும் இல்லை.

"கரப்பான் தின்னுடுச்சு சார். ஸ்டேஷன்ல அதுக்கு வேற இன்னா கிடைக்குது" என்றார் செல்லப்பன்.

"உள்ள இருக்கற கைதிக்குக் கிடைக்கறதைவிட மேல்" என்றேன்.

ஆறாவது கீலின் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நகமளவு பழுப்புப் பொருக்கு மிச்சம் இருந்தது. அரிகிருஷ்ணன் அதைச் சுரண்டி எடுத்து, எச்சில் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். கருப்பாகச் சில துகள்கள் விரலில் நின்றன. முகர்ந்தார். அதோடு விட்டாரா, நாக்கு நுனியில் வைத்தும் பார்த்துவிட்டார்.

"காலையில சாப்பிடலையா சார்?" என்றேன்.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "முருகையன் வீட்டுக்கு வழி சொல்லுங்க" என்று செல்லப்பனைக் கேட்டார்.

வாடகைச் சைக்கிள் இரண்டு எடுத்தோம். என்னுடையதற்கு பிரேக் இல்லை, அவருடையதற்கு மணி இல்லை. இரண்டுக்கும் சேர்த்து நானே கத்திக்கொண்டு போனேன். சிங்கவரத்தில் விசாரித்தவுடன் வீட்டைக் காட்டினார்கள். காட்டியவர்கள் யாரும் கூட வரவில்லை.

முருகையன் மனைவி அம்மாக்கண்ணு வாசலில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வக்கீல் ஆளுங்களா?"

"இல்லம்மா."

"போலீசா?"

"இல்ல."

"அப்ப உங்களால ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கை மல்லாட்டையை எடுத்தாள்.

அரிகிருஷ்ணன் அவளுக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தார். "ஒரு வாய் காபி கிடைக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷத்தில் எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் கேட்காத மனுஷர்.

"காபியா?" அம்மாக்கண்ணுவுக்கே சிரிப்பு வரப் பார்த்தது. "இந்த ஊட்டுல காபித்தூளு இன்னா நெறம்னுகூட எங்களுக்குத் தெரியாது. நீராகாரம் இருக்குது, குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்" என்றார். கொடுத்ததைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார். "வஜ்ஜிரத்தை உங்க வீட்டுக்காரர் எப்படிக் காய்ச்சுவாரு?"

"ராத்திரி ஊற வெப்பாரு. வெந்நிக்குள்ள டப்பாவ எறக்கி வெச்சு காய்ச்சுவாரு. துளி மயில்துத்தம் போடுவாரு. இல்லன்னா பூச்சி துன்னுடும்." எதிரே கிடந்த முக்காலியைக் காட்டினாள். "அதே தடவை காய்ச்சின பசையில ஒட்டினது. ஏறி நில்லு, ஒண்ணும் ஆவாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏறி நின்றேன். குதித்தும் பார்த்தேன். முக்காலி முனகக்கூட இல்லை. ஒட்டுகளில் பூச்சி கடித்த தடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு இப்போது பாதி வெளிச்சம் வந்தது. துத்தம் போட்ட பசையைக் கரப்பான் தொடாது. தொட்டிருக்கிறது என்றால், அந்தக் கீல்களில் இருந்தது முருகையன் பசையே இல்லை.

"அந்த டப்பா எப்படி இருக்கும்?" என்றார் அரிகிருஷ்ணன்.

"பழைய பால்மாவு டப்பா. காதுக்கு அவரே செப்புக் கம்பிய முறுக்கிக் கட்டியிருப்பாரு. உள்ள பசை ஏறி ஏறி விரல் தண்டி கருப்பா இருக்கும். பதினஞ்சு வருசமா கழுவினதில்ல. கழுவினா பசைக்கு பலம் பூடும்னுவாரு. அத பஜார் ஊட்டுல குடுத்துட்டு வந்தாரு, அதோட சரி."

எழுந்தோம். அவள் முகத்தை நிமிர்த்தாமலே பேசினாள்.

"ஜெயிலுக்குப் போனா புள்ளைங்கள எப்டி இருக்குதுன்னுகூட கேக்க மாட்டேங்கறாரு. என் வஜ்ஜிரம் எப்டி வுட்டுச்சு, எப்டி வுட்டுச்சுன்னு என்னையே கேக்கறாரு. எனக்கு இன்னா தெரியும்?"

திரும்பும் வழியில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், பசையை யாரோ மாத்தியிருக்கான். சரி. காபி எதுக்குக் கேட்டீங்க?"

"அந்தப் பசையில கருப்பா இருந்தது காபித்தூள்."

"விமானம் காபி குடிச்சதுன்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்."

"ருசி மாவுப் பசை. வெள்ளையா இருக்கற அதைப் பழுப்பாக் காட்ட டிகாஷன் ஊத்தியிருக்காங்க. முருகையன் வீட்டுல காபி கிடையாது. எந்த வீட்டுல இருக்குதுன்னு பாக்கணும்." அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மிதித்தார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டிருக்க வேண்டும்.

ஜவுளிக்கடையில் கிருஷ்ணமூர்த்தி மெத்தையில் சாய்ந்திருந்தார். மகன் போனபிறகு கழுத்து எலும்பு தெரிய இளைத்துப்போன மனுஷர். மருமகள் எங்களுக்கு எழுதியது அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை. இன்னும் ஒரு சாட்சி கிடைத்தால் நல்லதுதானே என்று விட்டிருந்தார்.

"அந்தப் பாவிக்குக் கயிறு நிச்சயம்தானே?" என்று கேட்டார்.

"விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார் அரிகிருஷ்ணன்.

வீடு கடைக்குப் பின்னால். கூடத்தில் எங்களை உட்காரவைத்து, கேட்காமலே பித்தளை டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள் மனோரமா. நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. மாமியார் ஞானம்பாள் சமையற்கட்டு நிலைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை தெரியவில்லை, ஜபமாலை உருளும் கை மட்டும் தெரிந்தது.

அரிகிருஷ்ணன் காபியைக் குடித்து டம்ளரின் அடியைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். கருப்பாகத் தூள் தங்கியிருந்தது.

"ஃபில்டர்ல ஓட்டை பெரிசாயிடுச்சு. மாத்தணும்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள் மனோரமா, கூச்சத்தோடு.

"கடையில துணி பேல் மேல லேபிள் ஒட்டறாங்களே, அந்தப் பசை யார் காய்ச்சறது?" என்றார் அரிகிருஷ்ணன்.

"நான்தான். மைதாவுல. ஏன் கேக்கறீங்க?"

"வெள்ளையாத்தானே இருக்கும்? எப்பவாவது கலர் சேத்ததுண்டா?"

அவள் சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றுவரை அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

"ஒரே ஒரு தடவை. அவருக்கே தெரியாது" என்றாள். "ஆசாரி ஒரு டப்பா பசை கொண்டுவந்து குடுத்தாரு. இவரு அதை மாடியில வெச்சிருந்தாரு. ஒரே நாத்தம். மேல இன்னாடி செத்துக்கிடக்குதுன்னு அத்தை கேட்டாங்க. எதுல செஞ்சதுங்கன்னு நான் இவரைக் கேட்டா, மாட்டுத்தோலு, குளம்புன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. எனக்கு உயிரே போயிடுச்சு. மறுநாள் புரட்டாசி மூணாம் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போடணும். அத்தைக்குத் தெரிஞ்சா பசையோட விடமாட்டாங்க, விமானத்தையே தூக்கித் தெருவுல போட்டுடுவாங்க. அவரு ஆறு மாசமா செஞ்சது. அதனால வெள்ளிக்கிழமை அவரு கடைக்குப் போன நேரத்துல அந்தப் பசையைச் சாக்கடையில கொட்டிட்டேன். டப்பாவைத் தேச்சுக் கழுவிட்டு மைதா பசை காய்ச்சி ஊத்தினேன். அவரு கண்டுபிடிக்காம இருக்க டிகாஷன் கலந்தேன்."

"அவரு ஒண்ணும் கேக்கலையா?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டினாரு. சூடு பண்ணாமலே என்னமா இழுக்குது பாரு, முருகையன் கைன்னா கைதான், நாளைக்கே போய்ச் சமாதானம் பேசிடணும்னாரு. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். என் பசைக்குத்தானே அந்தப் பேருன்னு."

 

அரிகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "விமானம் எதனால வுழுந்துதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களாம்மா?"

"ஆசாரி ஏதோ பண்ணிட்டாருன்னாங்க. கட்டையை அறுத்துட்டாரோ, கம்பியை வெட்டிட்டாரோன்னு நெனச்சுக்கிட்டேன். உள்ரூமை விட்டு என்னை வெளிய விட்டதே போன மாசந்தான். யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை." அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பசையைப் பத்தி எதுக்கு இவ்வளவு கேக்கறீங்க?"

அவர் சொன்னார். கீல்கள் ஆறும் கழன்றதைச் சொன்னார். விடிகாலைப் பனியில் நனைந்த புல்லில் விமானம் ஒரு மணி நேரம் இருந்ததையும், மைதா பசை ஈரத்தில் ஊறிவிடும் என்பதையும் சொன்னார். சுற்றி வளைக்காமல், நாலே வாக்கியத்தில். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மனோரமா அழவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போனாள். திரும்பி வந்தபோது கையில் செப்புக் கம்பி முறுக்கிய ஒரு பால்மாவு டப்பா இருந்தது. நாங்கள் தேடிய டப்பா. உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

"மிச்சப் பசையைக் கொட்டிட்டுத் திருப்பித் தர்றதுக்காக எடுத்து வெச்சேன்" என்றாள். "ஆசாரி பசை இருந்ததாச்சேன்னு மூணு தடவை சாம்பல் போட்டுத் தேச்சேன்."

டப்பாவோடு நேராகக் கடைக்குள் போனாள். வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மாமனார் முன்னால் நின்று, "மாமா, அவரைக் கொன்னது நான்தான். ஆசாரியை விட்டுடச் சொல்லுங்க" என்றாள்.

அரை மணியில் செல்லப்பன் வந்துவிட்டார். கூடத்தில் விசாரணை நடந்தது. மனோரமா ஒரு வார்த்தை மாற்றாமல் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் ஞானம்பாளின் ஜபமாலை நின்றது.

"எங்க வீட்டுக்குள்ள அந்தப் பசை வரவே இல்லை" என்றாள் ஞானம்பாள்.

"நாத்தம் அடிக்குதுன்னு நீங்களே கேட்டீங்களே அத்தை."

"எலி செத்திருக்கும். பெருமாளுக்குத் தளிகை போட்ட வீடு இது. மாட்டுத்தோலை மாடியில வெச்சுக்கிட்டுத் தளிகை போட்டேன்னு என்னை ஊர்ல சொல்லச் சொல்றியா? என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்."

கிருஷ்ணமூர்த்தி மனைவியையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. "வீட்டுக்கு அப்படி எந்த டப்பாவும் வரலை. கடையிலேயே ஒட்டிட்டு அப்பவே திருப்பிக் குடுத்துட்டான்" என்றார். "பாவம், பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. ஆரணியில அவ அப்பா வீட்டுக்கு அனுப்பிடறேன்."

செல்லப்பன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. "சார், இதுல இன்னா இருக்குது? தண்ணி குடிக்கலாம் போல இருக்குது. வீட்டுக்குப் பெரியவங்க ரெண்டு பேரும் இல்லைங்கறாங்க. புருஷன் போன துக்கத்துல இருக்கற பொண்ணு சொல்றத எந்த ஜட்ஜ் எடுத்துக்குவாரு? நீங்க சொல்லிக் குடுத்ததுன்னுதான் பிராசிக்யூட்டர் சொல்வாரு."

"கீல்ல இருந்த காபித்தூள்?" என்றேன்.

"கீல்ல எங்க இருக்குது?" செல்லப்பன் அரிகிருஷ்ணனைச் சங்கடத்தோடு பார்த்தார். "அஞ்சைக் கரப்பான் தின்னுடுச்சு. மிச்சம் இருந்த ஒண்ணை சாரு நாக்குல வெச்சுட்டாரு."

அரிகிருஷ்ணன் தன் வலது கையின் இரண்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் அவர் தப்புச் செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான். அதற்கு விலை அவர் கொடுக்கப் போவதில்லை, சிங்கவரத்து ஆசாரி கொடுக்கப் போகிறார்.

செல்லப்பன் டப்பாவை மனோரமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை ஒரு சாட்சியமாக எழுதிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மனோரமா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஆசாரி வீடு எங்க இருக்குது?"

"வண்டி பிடிக்கறேன்" என்றேன்.

"நடக்கறேன்."

பஜார் நடுவே, எல்லோரும் கடை வாசலில் நின்று பார்க்க, டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனோம். அந்தத் தெருவில் அவள் தாலி கட்டிக்கொண்டு வந்தபோது மேளம் வந்திருக்கும். இப்போது என் சைக்கிள் செயின் மட்டும் கடகடத்துக்கொண்டு வந்தது. மாமனார் கடையைத் தாண்டும்போது உள்ளே யாரும் நிமிரவில்லை.

சிங்கவரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மாக்கண்ணு அதே இடத்தில் இருந்தாள். மல்லாட்டைக் குவியல் பாதியாகக் குறைந்திருந்தது. வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். எழுந்து நின்றாள்.

மனோரமா டப்பாவை நீட்டினாள்.

அம்மாக்கண்ணு வாங்கி உள்ளே பார்த்தாள். "இது எங்குளுது இல்ல" என்றாள். பிறகு செப்புக் கம்பியின் முறுக்கைக் கண்டாள். விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினாள். பதினைந்து வருஷத்துக் கருப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. கோர்ட்டோ போலீஸோ அந்த டப்பாவில் படிக்க முடியாததை அவள் ஒரு விரலால் படித்துவிட்டாள்.

"கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன். தோல்ல செஞ்சதுன்னு கொட்டிட்டேன். மைதா பசையை ஊத்தி வெச்சேன். அதுதான் வுட்டுடுச்சு."

அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் மனோரமா நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அம்மாக்கண்ணு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல சொல்லுவியா?"

"சொல்லுவேன். திங்கட்கிழமை வர்றேன்."

அம்மாக்கண்ணு அரிகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "நம்புவாங்களா?"

எந்தக் கேள்விக்கும் நேரம் எடுத்துக்கொள்ளும் மனுஷர், இதற்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"மாட்டாங்கம்மா."

அவள் தலையாட்டினாள். காலையிலேயே எங்களிடம் சொன்னதுதானே என்பது போல இருந்தது. டப்பாவைக் கொண்டுபோய் அந்த முக்காலிமேல் வைத்துவிட்டு மனோரமாவின் அருகில் வந்தாள்.

"நம்பாட்டிப் போறாங்க. நீ மட்டும் சத்தமா சொல்லு. கூண்டுல நிக்கற அவரு காதுல வுழணும். தன் பசை வுட்டுடுச்சுன்னு நெனச்சுக்கினு உள்ள சோறு துன்னாம கெடக்கறாரு."